உள்ளே ஈயம் பூசிய காதர் பாய்

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். திங்கட்கிழமைக் கல்யாணத்துக்குப் போய் வந்த பாத்திரங்களைக் கடை வாசலில் இறக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். குழிக்கரண்டி நாற்பத்திரண்டு என்று சொல்லி வாய் மூடவில்லை, மாடியிலிருந்து என் பேத்தி கீர்த்தனா இறங்கி வந்தாள். கையில் போன். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அப்பத்தா, சார் போயிட்டாரு."

எந்தச் சார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் சார் என்றால் காதர் பாய் ஒருவர்தான். தை மாதத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினேன், மறுபடியும் விட்டுப்போயிற்று. "எண்ணிக்கைய மனசுல சுமக்காதீங்கக்கா, அதுக்குத்தேன் மாடியில நாங்க உக்காந்திருக்கோம்" என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் அவர் பேச்சைக் கேட்டேன். கரண்டிகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். விளாங்குடியில் வாடகைப் பாத்திரக் கடை நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் தொடங்கிய கடை. அவர் போன பிறகு நானே பார்த்துக்கொள்கிறேன். எங்கள் மாடியில்தான் காதர் பாயின் கம்பெனி இருக்கிறது. கடைக்காரர்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இணையப் பக்கம் செய்து கொடுக்கிற கம்பெனி. அவரைப் பற்றி எழுதித் தாருங்கள், எங்கள் பக்கத்தில் போடுகிறோம் என்று அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் கேட்டார்கள். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்றேன். "அது எங்களுக்குத் தெரியும். அவரைப் பத்தி உனக்குத்தேன் நல்லாத் தெரியும்" என்றாள் கீர்த்தனா. நான் கையால் எழுதியதை அவள் தட்டச்சு செய்கிறாள். ஒரு வரியையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால், மாடி காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு பழைய மொபெட்டில் வந்து இறங்கினார். முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் வீடு என்றார். எங்கள் கடைப் பித்தளைப் பாத்திரங்களுக்கு அந்தக் காலத்தில் ஈயம் பூசிக் கொடுத்தவர் அவருடைய அத்தா, அதாவது அப்பாதான் என்பதைப் பேச்சுவாக்கில் சொன்னார். அதற்கு மேல் நான் எதையும் விசாரிக்கவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

"அது சரி, அங்க என்ன வேலை பாய் செய்வீங்க? சத்தம் கித்தம் வருமா?" என்று மட்டும் கேட்டேன்.

வாசலில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளைத் தவலையைக் காட்டினார். "இத வெளிய புளி போட்டுத் தேய்க்கிறீங்கள்ல? பளபளன்னு இருந்தாத்தேன் கல்யாண வீட்டுக்காரன் எடுப்பான். எங்க வேலையில அதுக்குப் பேரு ஃப்ரண்ட் எண்ட். உள்ள ஈயம் பூசுறது பேக் எண்ட். அத யாரும் எட்டிப் பாக்க மாட்டாக. ஆனா அது சரியில்லேன்னா புளிக்குழம்பு களிம்பேறி ஊருக்கே வயித்தால போகும். நான் உள்வேலைக்காரன்க்கா. எங்கத்தா தொழில்தேன், பாத்திரம் மட்டும் வேற."

கம்ப்யூட்டர் விஷயத்தில் எனக்கு இன்று வரை விளங்கியது அவ்வளவுதான். அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

குறையே இல்லாத மனிதர் என்று எழுதினால் அவரே சிரிப்பார். பருத்திப்பால் குடித்த தம்ளரை மாடிப்படியிலேயே வைத்துவிட்டு மறந்துவிடுவார். எத்தனை தம்ளர் என் கால் பட்டு உருண்டிருக்கிறதோ! போனில் பேசினால் வைகை ஆற்றுக்கு அக்கரையில் நிற்கிறவரோடு பேசுகிறார் என்று தோன்றும். பிடிவாதமோ அம்புட்டு. தனக்குத் தெரிந்த பி.எச்.பி.யை விட்டால் உலகத்தில் வேறு கம்ப்யூட்டர் மொழியே இல்லை என்பது போலப் பேசுவார். இருபது வருடமாக அதில்தான் எழுதினார்.

சென்னையில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய கீர்த்தனா அவரிடமே சேர்ந்தாள். போன வருடம் ஆனி மாதத்தில், "அப்பத்தா கடைக்கு ஒரு பக்கம் போடுவோம் சார். முகூர்த்தத் தேதியப் போட்டா எந்தப் பாத்திரம் இருக்கு, எது இல்லேன்னு ஜனங்க போன்லயே பாத்துப் பதிஞ்சுக்கிறட்டும்" என்று அவள்தான் தொடங்கினாள். ஆவணி முகூர்த்தத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பேச்சு. அன்று பிடித்தது சண்டை.

நான் படிக்குக் கீழே உட்கார்ந்து தட்டு துடைத்துக்கொண்டிருப்பேன். மேலே இருவரும் படியில் நின்றே வாதாடுவார்கள்.

"சார், ஒரே மொழி போதும். முன்னால ஜாவாஸ்கிரிப்ட், பின்னாலயும் ஜாவாஸ்கிரிப்ட். எதுக்கு ரெண்டு?"

"ஏம்மா, அடுப்படிக்கும் வாசலுக்கும் ஒரே வெளக்கமாறு வச்சுத்தேன் கூட்டுவியா?"

"எங்க வீட்ல ஒண்ணுதேன் சார் இருக்கு."

"அக்கா! கேட்டீங்களா, உங்க பேத்தி கூட்டுற லட்சணத்த!"

முன்பக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட்தான் என்பதில் இருவருக்கும் வழக்கு இல்லை. போனில் பக்கத்தைத் திறந்து காட்டுகிற பிரவுசருக்கு அதுதான் புரியுமாம். வழக்கெல்லாம் பின்பக்கத்துக்குத்தான். அங்கே பி.எச்.பி., பைத்தான், ஜாவா என்று எதில் வேண்டுமானாலும் எழுதலாமாம். பைத்தானை இருவருமே மரியாதையாகப் பேசி, மரியாதையாகவே ஒதுக்கி வைத்தார்கள்.

"பி.எச்.பி. பழசு சார்."

"உங்க அப்பத்தா கடை அண்டா எம்புட்டுப் பழசு? ஓட்டையா விழுந்திருச்சு? எந்தச் சின்ன சர்வர்லயும் ஓடும், மதுரையில எந்தத் தெருவுலயும் அதுக்கு ஆள் கெடைக்கும்."

"ஒரே மொழின்னா முன்னால எழுதுற ஆளே பின்னாலயும் போய்ப் பாத்துக்கிறலாம்ல சார்? ரெண்டு ஆளு எதுக்கு?"

"என்னைய வீட்டுக்கு அனுப்பணும்ங்கிற. நேராச் சொல்லிர வேண்டியதுதான!"

ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல் குறுக்கே விழுந்தேன். "எந்தப் பாஷையில எழுதினா அண்டா நேரத்துக்குப் போய்ச் சேரும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எதுல எழுதினாலும் போகும்க்கா" என்றார் பாய்.

"அப்புறம் எதுக்குச் சண்டை?"

பாய் மூன்று பேருக்கும் பருத்திப்பால் வரவழைத்தார். மறுநாள் மறுபடியும் தொடங்கிவிட்டார்கள்.

அவர்களுக்கு அது விளையாட்டாக இருந்திருக்கலாம். எனக்கு அப்படி இல்லை. என் வீட்டுக்காரர் காலத்திலிருந்து, தருகிறோம் என்று சொன்ன பாத்திரத்தை எங்கள் கடை தராமல் இருந்ததில்லை. விடிந்தால் கல்யாணம் என்று நிற்கிற வீட்டில் அண்டா வரவில்லை என்றால் உலை வைக்க முடியாது. பந்தி நின்றால் அந்த வீட்டு மானம் போகும், அதோடு என் கடை வாக்கும் போகும். என்னிடம் இருப்பதே அந்த வாக்கு ஒன்றுதான். அதைத்தான் அவர்கள் கையில் கொடுத்திருந்தேன்.

பின்பக்கம் எந்த மொழியில் என்று முடிவாகாமலே ஆவணி நெருங்கிவிட்டது. கீர்த்தனா அவசரத்தில் முன்பக்கத்தை மட்டும் செய்து திறந்துவிட்டாள். பார்க்க அவ்வளவு அழகு. ஒவ்வொரு பாத்திரமும் படத்தில் மின்னியது. எந்தத் தேதிக்கு எது இருக்கிறது என்ற பட்டியலையும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டாள். பதிவு அவள் போனுக்குச் செய்தியாக வரும், பட்டியலை அவள்தான் கையால் திருத்த வேண்டும். அது வரைக்கும், யார் திறந்தாலும் இருக்கிறது என்றே காட்டும். இது எனக்குத் தெரியாது. பக்கம்தான் பார்த்துக்கொள்கிறதே என்று, நாற்பது வருடமாகத் தேதிவாரியாக எழுதிவந்த நோட்டை நானும் மூடி வைத்துவிட்டேன். வந்த பதிவுகளைத் தாளில் எடுத்துக் கம்பியில் குத்தி வைத்ததோடு சரி.

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஏற்றுகிற பாத்திரத்தைப் பிரிக்கலாம் என்று தாள்களைக் கம்பியிலிருந்து உருவினேன். எங்களிடம் இருக்கிற மிகப் பெரிய அண்டா இரண்டே இரண்டு. கீழக்குயில்குடிக் கல்யாண வீட்டுத் தாளிலும் அந்த இரண்டு. கொட்டாம்பட்டிக் காதுகுத்து வீட்டுத் தாளிலும் அதே இரண்டு. ஒரே தேதி. அரை மணி நேர இடைவெளியில் இரண்டு வீட்டாரும் பதிந்திருக்கிறார்கள். பக்கம் இருவருக்கும் சரி என்றிருக்கிறது.

இன்னொரு தப்பும் அதற்குள் இருந்தது. அந்த இரண்டும் சைவ அண்டா. கறி விருந்துக்கு நாங்கள் அனுப்புவதே கிடையாது. நேரில் வந்திருந்தால் நான் வாயால் சொல்லியிருப்பேன். பக்கத்துக்கு வாய் இல்லை. கொட்டாம்பட்டியிலோ கிடா வெட்டிக் காதுகுத்து.

கீர்த்தனா அழுதுவிட்டாள். தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டோம். பெரிய முகூர்த்தம், எங்கும் இல்லை. காதர் பாய் இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, கிடா விருந்துக்குச் சைவ அண்டாதேன் வேணும்னு சட்டமா? என் மச்சான்கிட்ட பிரியாணித் தேக்சா ரெண்டு சும்மா கெடக்கு. உங்க அண்டாவ விடப் பெருசு" என்றார்.

கொட்டாம்பட்டி வீட்டுத் தாய்மாமனுக்கு நானே போன் போட்டேன். தப்பு எங்களுடையது, சொன்ன அண்டா வராது, அதைவிடப் பெரிய தேக்சா வருகிறது என்று மறைக்காமல் சொன்னேன். அவர், "கறி வேகணும், அம்புட்டுத்தான ஆத்தா? எதுல வெந்தா என்ன, அனுப்புங்க" என்றார்.

பாய் தேக்சாவைச் சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு தானே உடன் போனார். காதுகுத்து வீட்டில் ஒரே கேலியாம். "ஏண்ணே, தேக்சா வந்திருச்சு, பிரியாணி மாஸ்டர எங்க விட்டுட்டு வந்தீக?" என்று கேட்டார்களாம். "மாஸ்டர் மாடியில உக்காந்து அழுதுக்கிட்டிருக்கா மாப்ள, அடுத்த தடவை கூட்டியாரேன்" என்றாராம் இவர். பாயசத்தை மட்டும் மூன்று தம்ளர் குடித்துவிட்டு வந்தார். அங்கே தம்ளரைப் படியில் விட்டு வந்தாரா என்று தெரியவில்லை.

திரும்பி வந்தவரிடம் நான் கோபமாகத்தான் பேசினேன். பேத்தியைத் திட்டச் சொன்னேன். தலையை ஆட்டினார். "தப்பு அந்தப் புள்ளையோடது மட்டும் இல்லக்கா. எந்த ஈயம் நல்ல ஈயம்னு ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே, ஈயம் பூசாத பாத்திரத்த அடுப்புக்கு அனுப்பிட்டோம். வயசுல மூத்தவன் நான்தேன் நிறுத்தியிருக்கணும்."

கீர்த்தனாவிடம் அவர் சொன்னதையும் கேட்டேன். "வர்ற ஆளு கையில இருக்கிற போன், அண்டா இருக்குன்னு சொன்னா நம்பிரக் கூடாதும்மா. கடைதேன் சொல்லணும். ஒவ்வொருத்தரு பதியிறப்பவும் உள்ள வந்து கேட்டுத்தேன் போகணும். மொழி எதுவா இருந்தாலும் இது மாறாது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொன்னபடியே செய்வோம் சார். பி.எச்.பி.யே இருக்கட்டும்" என்றாள். இருபது வருடப் பிடிவாதக்காரர் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். அவரோ, "நாளைக்கு ஒரு வேலை இருக்கு. நாளன்னிக்குச் சொல்றேன். வாரேன்க்கா" என்று மொபெட்டை எடுத்தார்.

சொன்ன நாளில் வந்தார். "ஜாவாஸ்கிரிப்ட்டே இருக்கட்டும்" என்றார். கீர்த்தனா வாயைப் பிளந்தாள். என்ன காரணம் என்று நான் கேட்டதற்கு, "உங்க வீட்ல ஒரு வெளக்கமாறுதேன் இருக்குன்னாளே, அதான்" என்று சிரித்து மழுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஐம்பத்தெட்டு வயதில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்து, இவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், இறக்குவார். "ஏம்மா டீச்சர், இது வேலைய முடிக்காமலே அடுத்த வரிக்கு ஓடுதே, இதுக்குப் பொறுமையே கெடையாதா?" என்பார். "நீங்கதேன் சார் காத்திருன்னு சொல்லணும்" என்பாள் இவள். "எங்க பி.எச்.பி.யெல்லாம் வரிசையில நிக்கும்மா. மருவாத தெரிஞ்ச புள்ள." திட்டிக்கொண்டே கற்றுக்கொண்டார். உள்வேலையை இவளை எழுதவைத்து, ஒவ்வொரு வரியும் எதற்கு என்று கேட்டுக் கேட்டு அவர் சரிபார்த்தார். சைவ அண்டா கறி விருந்துக்குப் போகாது என்பதையும் என் வாயிலிருந்து வாங்கி உள்ளே எழுதிவிட்டார்கள். இப்போது பக்கத்துக்கும் வாய் இருக்கிறது.

ஐப்பசியில் சோதித்துப் பார்த்தோம். மத்தியான வேளை. என் கையில் ஒரு போன், அவர் கையில் ஒரு போன். ஒரே தேதி, அதே இரண்டு அண்டா. கீர்த்தனா ஒன்று, இரண்டு, மூன்று சொல்ல, இருவரும் ஒரே சமயத்தில் அழுத்தினோம். எனக்குப் பதிவாகிவிட்டது என்று வந்தது. அவருக்கு இல்லை என்று வந்தது. மறுபடி அழுத்தினோம். மறுபடியும் அவருக்கு இல்லை. பத்துத் தடவையாவது இருக்கும். ஒரு தடவைகூட இரண்டு பேருக்கும் சேர்ந்து கிடைக்கவில்லை. ஒரு தடவைகூட அவருக்குக் கிடைக்கவும் இல்லை. அவர் கை தளர்ந்து பிந்துகிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"என்னக்கா இது, உங்க கடையில எனக்கு மட்டும் அண்டாவே கெடையாதா?" என்றார்.

"மொத வந்தவகளுக்குத்தேன் பாய். பிந்தி வந்தா நான் என்ன செய்ய?"

அப்படிச் சிரித்தார். சந்தோஷம் தாங்கவில்லை. "இதுதேன் வேணும். எனக்கு இல்லேன்னு சொல்லுது பாத்தீங்களா? எழுதினவனுக்கே இல்லேங்குது. இனிமே கண்ண மூடிக்கிட்டு வாக்குக் குடுங்கக்கா."

தை முகூர்த்தம் முழுக்க ஒரு பிசகு இல்லாமல் ஓடியது. ஒரு நாள் காலையில் ஏதோ கோளாறாகிப் பக்கம் நின்றுபோனது. கீர்த்தனா உள்ளே புகுந்து, நான் இட்லி எடுத்து வைப்பதற்குள் சரிசெய்துவிட்டாள். அப்போது காதர் பாய் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருக்குப் போன்கூடப் போடவில்லை.

அந்தப் புதன்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனோம். சந்து முழுக்க ஆள். அவருடைய வீட்டம்மா நூர்ஜஹான் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். ஆவணியில் பாய் ஒரு நாள் அவகாசம் கேட்டாரே, அன்றைக்குத்தான் டாக்டரிடம் போயிருக்கிறார். வியாதி இன்னதென்று அன்றைக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து நூர்ஜஹானிடம் சொன்னாராம்.

"எனக்குத் தெரிஞ்ச மொழியில எழுதி வச்சா, நாளைக்கு அது நின்னுபோனா யாரு திறந்து பாப்பா? இருக்கப்போறவளுக்குத் தெரிஞ்ச மொழிதேன் சரி. இம்புட்டு நாள் பழசு புதுசுன்னு பேசினோமே, இத ஒருத்தருமே யோசிக்கல பாரு."

கீர்த்தனா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன மொழி ஜெயித்ததற்கு ஆவணியில் தெருவெல்லாம் பெருமை அடித்தவள் நான். அன்றைக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் யாரை நினைத்து என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா. "விளாங்குடி ஆளுகளும் வருவாக, சைவமே போடு" என்று வீட்டம்மாவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாராம். வைகாசி முகூர்த்த நாளும் அதே ஞாயிறுதான். போன வாரம் கீழக்குயில்குடியிலிருந்து ஒருவர் போன் பண்ணினார்.

"ஆத்தா, பெரிய அண்டா ரெண்டும் இல்லேன்னு பக்கத்துல வருதே. பழகின ஆளுக நாங்க, நீங்க சொன்னா மாத்திரலாம்ல?"

கீர்த்தனாவைப் பார்க்கச் சொன்னேன். எடுத்துப் பார்த்தவள் சிரித்தாள், கண்ணும் கலங்கியது. கீழக்குயில்குடிக்காரருக்குப் பத்து நிமிடம் முன்னால் நூர்ஜஹான் அம்மா தன் போனிலிருந்து பதிந்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாரையும் போல வரிசையில் வந்து பதிந்திருக்கிறார். பதிவுப் பெயர் என்ற இடத்தில் காதர் பாய் பெயரையே போட்டிருக்கிறார்.

"பக்கம் சொன்னா கடை சொன்ன மாதிரிதேன்ப்பா. மொத வந்தவகளுக்குத்தேன்" என்று போனில் அவரிடம் சொன்னேன். நடுத்தர அண்டா நான்கு பதிந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

இதை எழுதுகிறபோது அந்த இரண்டு அண்டாவும் என் எதிரில் வெயிலில் கவிழ்ந்து காய்கின்றன. வெளியே நானே புளி போட்டுத் தேய்த்தேன். அவருக்கு இல்லாத பளபளப்பு யாருக்கு? கைப்பிடியில் சீட்டுக் கட்டியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்துத்தான், ஆனாலும் பெயர் தெளிவாகத் தெரிகிறது.

உங்களுக்கு அண்டா கிடைத்துவிட்டது பாய். இந்தத் தடவை நீங்கள்தான் முதலில் வந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன், என் வாக்கு. போய் வாருங்கள்.